தொய்வு நோயும் மரபணுக்களின் செயற்பாடும்



ஆனையிறவிலே சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடனீரேரியின் நீரைப் பாத்திகளிற் கட்டி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டு உப்பு விளைவிக்கின்றனர். நீர் ஒன்றே. எந்த மடை திறந்தது, எது அடைபட்டது என்பதைப் பொறுத்தே ஒரு பாத்தியில் உப்புப் பூக்கின்றது. அடுத்தது வெறும் நீராய்க் கிடக்கின்றது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளை விளக்க இம்மடைகள் உதவும்.

பொருள், எம்மவர் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கும் ஆஸ்துமா. வீட்டில் ஒருவருக்கு அது இருந்தால், "பரம்பரை வருத்தம், என்ன செய்வது?" என்று இருந்துவிடுகின்றோம். கலியாணப் பேச்சிலே மறைத்தும் விடுகின்றோம். பரம்பரைக்கு அதிற் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறப்பிற் பெற்ற மரபணு வேறு, அது வேலை செய்வது வேறு. உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதியே உண்டு. கண்ணிலே சில மடைகள் திறந்திருக்கின்றன. மூச்சுக்குழாயின் உட்படையில் வேறு சில. தூசியும் வைரசும் மருந்தும் அவற்றைத் திறக்கவும் மூடவும் வல்லன.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், தொய்வுள்ளோரின் மூச்சுக்குழாயிலிருந்து மெல்லிய தூரிகையால் உயிரணுக்களை எடுத்து ஆராய்ந்தனர். பெரியோஸ்டின் முதலிய மூன்று புரதங்களுக்குரிய மரபணுக்கள் அங்கே மிகுதியாகச் செயற்படுவதை 2007 இல் அறிவித்தனர். இன்டர்லூக்கின் 13 என்னும் புரதமே அம்மடைகளைத் திறந்துவிடுவது. 2009 இல் அவர்கள் கண்டது இன்னும் வியப்பானது. கடுமையற்ற தொய்வுள்ள 42 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே அவை திறந்திருந்தன. மற்றவர்கள், இம்மரபணுக்களைப் பொறுத்தவரை, நோயற்றவரைப் போலவே இருந்தனர். இழுப்போ இரு சாராருக்கும் ஒன்றே!

ஸ்டீரொயிட் மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. முதற் சாராரின் மூச்சு நன்கு தேறியது. மற்றவருக்கு அப்பயன் கிட்டவில்லை. "பம்ப் அடித்தும் குறையவில்லை" என்னும் நோயாளியை, ஒழுங்காக அடிக்கவில்லை என்று கடிந்துகொள்வது எங்கள் வழக்கம். பலமுறை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலர் சொன்னது மெய்.

மூச்சுக்குழாயினுள் தூரிகை விடுவது எளிய காரியமன்று. அங்கேதான் உப்பு துணைக்கு வருகின்றது. செறிந்த உப்புநீரை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்கச் செய்தால் சளி வெளிவரும். அச்சளியிலுள்ள உயிரணுக்களைக் கொண்டே இரு வகையையும் பிரித்தறியலாம் என்று அதே ஆய்வாளர் 2014 இல் காட்டினர். அந்த உப்புப் புகாரே குழாயை இறுக்கவும் கூடும். ஆகையால் குழாயை விரிக்கும் மருந்தை முதலிற் கொடுத்தே மருத்துவர் அதனைச் செய்வர். வீட்டிற் செய்து பார்க்கத்தக்கதன்று.

இன்டர்லூக்கின் 13 இன் வேலையைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து 2018 இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. விலையோ மிகப் பெரிது. அது எட்டாதவரும் ஒன்று செய்யலாம். பம்பைத் தாமாக நிறுத்தாமல், இரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் எத்தனை என்று பார்க்கும்படி மருத்துவரைக் கேட்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். எந்த வகைத் தொய்வு என்பதற்கு அதிலேயே ஓரளவு குறிப்புக் கிடைக்கும்.