அழிச்சா இடம் வருமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் எஸ்.க்யூ.எல். சர்வர் என் பொறுப்பில் இருந்தது. டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. பழைய பதிவுகளை அழிச்சா இடம் வந்துடும் என்று நினைத்து, லட்சக்கணக்கில் ஒரே கட்டளையில் அழிக்கப் போனேன். அரை மணியில் சர்வர் எழுத மறுத்தது. அன்று சம்பள நாள்!

நெல்லை அள்ளினால் குதிர் சின்னதாகுமா? டேட்டா ஃபைலும் அப்படித்தான். உள்ளே காலியாகும், டிஸ்குக்கு இடம் திரும்பாது. போதாக்குறைக்கு, அழிப்பதையும் லாக் ஃபைலில் எழுதியாக வேண்டும். அது வீங்கி, மிச்ச இடத்தையும் விழுங்கிவிட்டது.

தினமும் ஃபுல் பேக்கப் எடுத்தோமே என்றால், ஃபுல் ரெகவரி முறையில் அது போதாது. லாக் பேக்கப் எடுத்தால்தான் லாக்கின் பழைய பகுதி மறுபடி பயன்படும். அதை வேறு டிஸ்கில் எடுத்த பிறகே சம்பளம் போட முடிந்தது.

ஃபைல் வளரும் அளவையும் பாருங்கள். 2014 பதிப்பு வரை லாக் 10 சதவீதம் வளரும்படிதான் வந்தது. 100 ஜி.பி. லாக் ஒரே மூச்சில் 10 ஜி.பி. வளரும், அதுவரை எல்லோரும் காத்திருக்கணும். 2016 பதிப்பு முதல் 64 எம்.பி. தேவையைக் கணக்கிட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். சிறு தவணைகளாக அழியுங்கள். டேட்டா ஃபைலைத் தினம் ஷ்ரிங்க் செய்யாதீர்கள். இண்டெக்ஸ் சிதறும், ஃபைல் மறுபடி வளரும்.

அன்று மேலதிகாரி கேட்டது ஒன்றுதான்: "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி?" அதையே உங்களுக்கும் சொல்லி அமர்கிறேன்.