எல்லையைப் படிப்பிப்பவர் யார்?

யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ அந்த ஆசிரியரிடம் நான் படித்தவனல்லன். அவரிடம் படித்தவர்களிடம் படித்தவன்.

காரைதீவில் பேச ஏறியவர் சுவாமி விபுலாநந்தரைத் தொடாமல் மேடையிலிருந்து இறங்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே ஒன்று சொல்கிறேன். 1892இல் இங்கே பிறந்தவர் 1931இல் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூலையில் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்துவிட்டன. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓர் ஆசிரியர் அவ்வளவு இலகுவாகப் போய்வந்த காலம் அதோடு முடிந்தது. கடமை முடிந்தது, பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களிற் பலருக்குப் பாதி தெரிந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன், எல்லையும் குடிப்பெயர்வும் பற்றிய கற்கைநெறி ஒன்றைத் தொடங்குவது குறித்து ஒரு பீடத்தில் பேச்சு நடந்தது. அதில் நான் தோற்றேன். நான் வீடு போய்ச் சேர முன்னமே அந்தச் செய்தி கல்முனைச் சந்தைக்குப் போய்விட்டது. சர்வதேசச் சட்டத்துக்கு ஒருவர், அரசியற் புவியியலுக்கு ஒருவர், சர்வதேச உறவுகளுக்கு ஒருவர், களப்பயணத்துக்குக் கட்டுநாயக்க விமான நிலையம் என்று நண்பர்கள் திட்டம் போட்டார்கள். நான் நான்காவது நாற்காலி ஒன்று கேட்டேன். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பைக் கவனிக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர், முழுப் பாடம் ஒன்றுக்குப் பொறுப்பான விரிவுரையாளராக அதில் அமர வேண்டும் என்றேன். "வளவாளராகக் கூப்பிடலாமே" என்றார்கள். வளவாளர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்: ஒரு நாள் பேச்சு, ஒரு தேநீர், ஒரு நினைவுச்சின்னம். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

காரணத்தை ஒரு படிவத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் குடும்பப் பின்னணி அறிக்கை. வேலைக்காக வெளிநாடு போகும் பெண்களுக்கென்று 2013இல் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாதிருந்தது. அதற்கு மூத்த பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பார்க்க ஆள் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தர் முதல் பிரதேச செயலாளர் வரை கையொப்பம் வேண்டியிருந்தது. ஆணுக்கு அப்படியொரு படிவம் இருக்கவில்லை.

அது வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988இல் பிறந்தவர், கடவுச்சீட்டின்படி 1982இல். 2005இல் போய் இறங்கியபோது வயது பதினேழு. சில வாரங்களில் அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. வழக்கறிஞர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கப்பட்டது. அதை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதே பிறகு பெரிய கேள்வியாயிற்று. நாடே அழுதது. வயதெல்லையை உயர்த்தினார்கள், அது விளங்குகிறது. ஆனால் தாய்மாரைத் தடுக்கும் படிவம் எங்கிருந்து வந்தது? றிசானா யாருக்கும் தாயல்ல. அங்கே பிழையாய்ப்போனவை இரண்டு: ஒரு பிறந்த திகதி, ஒரு மொழிபெயர்ப்பு. அந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, தாய்மாரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினோம்.

இதைச் சட்ட விரிவுரையாளரும் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். அவர் சொல்ல முடியாததற்கு வருகிறேன். அந்தப் படிவம் நடைமுறையில் இருந்த காலத்தில், பெயர் வேண்டாம், ஒரு செயலகத்துக்கு மாணவர் சிலரைக் கூட்டிப்போய் உத்தியோகத்தர் ஒருவரின் மேசையருகே ஒரு முழு நாள் இருத்தினேன். பத்தரை மணிபோல ஒரு பெண் வந்தார். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயதும் எட்டு மாதமும்.

"இன்னும் நாலு மாசம் பொறுங்க தங்கச்சி."

"நான் பொறுப்பன் மிஸ். கடன் தந்தவன் பொறுப்பானா?"

உத்தியோகத்தர் பதில் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழை வாங்கி, மாணவர் பக்கம் திருப்பி, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் பிறந்த திகதி என்றார்கள். "இல்லை, பதிந்த திகதி" என்றார். இரண்டுக்கும் இடையில் ஆண்டுகள் கிடந்தால் அங்கே ஒரு கதை இருக்கும் என்றார். இந்தக் கரையில் அது எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 1990இல் போரால் ஊர்விட்டு ஓடியவர்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையில் வீட்டோடு கடதாசியும் போனவர்கள். உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்பவர்கள். தேசிய அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட ஒரே ஆயிஷா உம்மா. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் உப முகவர் எந்த இடைவெளிக்குள் கையை விடுவான் என்பதையும் காட்டினார். பொய்த் திகதி ஒன்று மூதூர்ப் பிள்ளைக்கு எல்லையைத் திறந்துவிட்டது. இங்கே மெய்த் திகதி ஒன்று இன்னொருத்திக்கு அதை மூடியது. எங்கள் பெண்களுக்குக் கட்டுநாயக்க கடைசி வாசல் மட்டும்தான். முதல் வாசல் இந்த மேசை. அன்று மாலை பஸ்ஸில் மாணவர் பேசிக்கொண்டு வந்தது, என் பத்து விரிவுரைகளுக்குப் பிறகும் அவர்கள் பேசாத பேச்சு.

நண்பர்களின் மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகத்தரே எல்லைக் காவலர்தானே, காவலரிடமா காவலைப் பற்றிய விமர்சனத்தைப் படிப்பது என்று ஒருவர் கேட்டார். கூர்மையான கேள்வி. பல நாள் யோசித்தேன். கையொப்பம் போடும் கை கனப்பதை அந்தக் கைக்குரியவர்தான் சொல்ல முடியும். சொல்லாமல் மறைத்தாலும், மாணவருக்கு அந்த மறைப்பும் பாடந்தான். இன்னொருவர் ஒக்ஸ்போர்ட்டை முன்மாதிரியாகக் காட்டினார். காட்டட்டும். பார்பரா ஹரல்-பொண்ட் 1982இல் அங்கே அகதிகள் கற்கையைத் தொடங்கியவர். அதன் கோடைப்பள்ளியில் முகாம் வேலைக்காரரும் அரச அதிகாரிகளும் ஆய்வாளரோடு ஒரே வரிசையில் இருந்து படித்தார்கள். அமெரிக்காவின் ஏர்ல்ஹாம் கல்லூரி அரிசோனாவின் டூசனில் நடத்திவந்த எல்லைக் கற்கையில், மாணவர் எல்லைப்புறக் குடும்பங்களோடு தங்கி உள்ளூர் அமைப்புகளில் வேலை செய்தார்கள். எங்கள் பீடத்துக்கு மட்டும் அந்த மேசை கௌரவக் குறைவாகப் படுகிறது.

களத்தில் நிற்பவரின் அறிவுக்கு இன்னொரு சான்றாகக் கேரளத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1998இல் கே. சி. சகரியாவும் இருதய ராஜனும் தொடங்கிய குடிப்பெயர்வு ஆய்வில், கணக்கெடுப்பவர்கள் 10,000 வீடுகளுக்குப் போய், இந்த வீட்டிலிருந்து யார் போயிருக்கிறார், யார் திரும்பியிருக்கிறார் என்று கேட்டார்கள். அப்படித்தான் 13.6 இலட்சம் பேர் வெளிநாட்டில் என்ற மதிப்பீடு கிடைத்தது. குடும்பத்தோடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடு அந்தக் கணக்கில் விழாது. அதையும் முதலில் அறிபவர், கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறவர்தான். அம்பாறைக் கரைக்கு அப்படியொரு வீட்டுக்கணக்கு வேண்டும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். 2022இல் அமைச்சரவை அந்தப் படிவத்தின் ஐந்து வயது எல்லையை இரண்டாகக் குறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர்களில் என்ன மாறியது என்று ஒருவர் பார்க்க வேண்டும். அரபுக்கும் தமிழுக்கும் இடையில் நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்று தேவை. மத்ரஸாக்களில் அரபு படித்தவர்கள் நிறைந்த இந்தக் கரையைவிட அதற்குப் பொருத்தமான இடம் நாட்டில் எது? திரும்பி வந்த பெண்கள் சேர்த்துவைத்திருக்கும் பழைய கடவுச்சீட்டுகளைப் பிரதி எடுத்து ஓர் ஆவணக் காப்பகம் செய்யலாம். போன ஆண்களின் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்பதையும் எழுதலாம். நான்காவது நாற்காலிக்கான சம்பளத் திட்டத்தை இப்பிரதியின் கடைசிப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பீட நண்பர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு பிரதி எடுத்துப்போகலாம்.