கையும் கருவியும்

கணினியில் விளையாடுவோர் இருவரைப் பாருங்கள். ஒருவர் விசைப்பலகைமேல் இடக்கை விரல்களைப் பரப்பி, வலக்கையால் மவுஸை நகர்த்துகிறார். மற்றவர் கன்ட்ரோலர் என்னும் கைப்பிடிக் கருவியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் கட்டைவிரல்களாலேயே காரியத்தை முடித்துவிடுகிறார். இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு நெடுநாளாக நடக்கிறது. அதற்குத் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

பொதுவாக, விசைப்பலகையின் விசைக்கு இரண்டே நிலைகள். அழுந்தியிருக்கும், அல்லது அழுந்தாதிருக்கும். கன்ட்ரோலரின் சிறு கோலோ எத்திசையில் எவ்வளவு சாய்ந்தது என்பதையும் கணினிக்கு உணர்த்தும். ஆதலால் வளைந்த சாலையில் காரோட்டும் விளையாட்டுக்கு அது பெருந்துணை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் மவுஸே வல்லது. 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ‘குவேக்’ போட்டியில் வென்று, அவ்விளையாட்டை உருவாக்கியவருள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங் கையாண்டவை விசைப்பலகையும் மவுஸுந்தாம்.

முன்னாளில் கணினிக்கான கன்ட்ரோலர்கள் நிறுவனத்துக்கு ஒரு விதமாக இருந்தன. ஒன்றில் முதற் பொத்தான் இருந்த இடத்தில் மற்றொன்றில் மூன்றாம் பொத்தான் இருக்கும். 2005-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியை ஒட்டி ‘எக்ஸ்இன்புட்’ என்னும் பொதுமுறையைக் கொணர்ந்தது. குழப்பம் குறைந்தது. ஆனால், விளையாடுவோர் அனைவர் கையிலும் அந்த ஒரே வடிவக் கருவிதான் இருக்கும் என்று எண்ணும் பழக்கம் சில படைப்பாளரிடம் தோன்றிவிட்டது. 2012-இல் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ்’, விசைப்பலகையில் விளையாடியவர்க்கும் கன்ட்ரோலர் பொத்தான்களின் படங்களையே காட்டியது. ‘ஏ’யை அழுத்துக என்கிறது திரை, விசைப்பலகையிலும் ஓர் ‘ஏ’ உண்டு, அதன் வேலையோ வேறு! விளையாடுபவர் என்ன செய்வார், பாவம்!

இதற்கு மாறான வழியை வால்வ் நிறுவனம் காட்டியது. 2015-இல் அது வெளியிட்ட ஸ்டீம் கன்ட்ரோலரில் எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்பதை விளையாடுபவரே வகுத்துக்கொள்ளலாம். வகுத்த முறையைப் பிறர்க்கும் வழங்கலாம். பின்னர்ப் பிற நிறுவனங்களின் கருவிகளுக்கும் இவ்வசதி விரிந்தது.

இது வெறும் விருப்பு வெறுப்பைப் பற்றியது என்று எண்ணிவிட வேண்டா. இரு கைகளாலும் ஒன்றைப் பற்ற இயலாதவர் இருக்கின்றனர். விரல்கள் வலுவிழந்தவர் இருக்கின்றனர். அவர்களுக்காகவே 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது. அதன் மேல் இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறம் 19 சிறு துளைகள். காலால் மிதிக்கும் விசை, முழங்கையால் தட்டும் பொத்தான் முதலிய எதனையும் அத்துளைகளில் இணைக்கலாம். கணினியிலும் அது இயங்கும்.

ஆயினும் கருவி மட்டும் போதாது. ஓடுவதற்கு ஒரு பொத்தானை விடாது அழுத்திக்கொண்டே, குதிப்பதற்கு இன்னொன்றையும் அழுத்துக என்று விளையாட்டே வற்புறுத்தினால், 19 துளைகளும் என்ன செய்யும்? ஒருமுறை தொட்டால் ஓடவும், மறுமுறை தொட்டால் நிற்கவும் அமைப்பது நிரல் எழுதுவோர்க்குப் பெரும்பாலும் சில வரி வேலை. அவ்வரிகள் இல்லாத விளையாட்டை விலை கொடுத்து வாங்கிய ஒருகையர், அதன் முதற்கட்டத்தையே தாண்டாமல் நின்றுவிடுகிறார்.