கோமாளியின் உடம்பு

(நாடகப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்முடைய வீதி நாடகங்களில் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. பண்ணையார் சவுக்கோடு வருவார். நம்ம ஆள் காலில் விழுவான். அடி விழும். பறை ஓங்கி ஒலிக்கும். ஒருவர் முன்னால் வந்து முழக்கம் சொல்வார். சேரியிலே பார்க்கிறவங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க. ஊர்த்தெருவிலே பார்க்கிறவன் 'பாவம்' என்று உச்சுக் கொட்டுவான். இந்தப் 'பாவம்' எனக்கு ஒப்பவில்லை. இரக்கப்படுகிறவன் எப்போதும் மேலேயே நிற்கிறான். இரக்கத்துக்கு உரியவன் கீழேயே கிடக்கிறான். அதனால்தான் இன்றைக்குக் கோமாளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கோமாளியும் அடி வாங்குகிறவன்தான். வழுக்கி விழுகிறான், உதைபடுகிறான், கதவில் முட்டிக்கொள்கிறான். ஆனாலும் அவனைப் பார்த்து யாரும் 'பாவம்' என்பதில்லை. ஏன்? மேடையில் ஒரு அறை எப்படி நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அறைகிறவன் கை முகத்தில் படாது, காற்றில் போகும். 'பளார்' என்ற சத்தத்தைப் பெரும்பாலும் எழுப்புவது அறை வாங்குகிறவன். பார்வையாளர் கண்ணுக்கு மறைவாகத் தன் கையையோ தொடையையோ தானே தட்டிக்கொள்கிறான். தலையை எப்போது திருப்புவது, எத்தனை அடி தள்ளிப்போய் விழுவது, விழுந்ததும் எழுந்திருப்பதா கிடப்பதா, எல்லாம் அவன் முடிவு. அடிக்கிறவன் இவனுடைய தாளத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆக, அடி வாங்குகிறவன்தான் அடியை நடத்துகிறான். கூட்டம் சிரிப்பது அந்த ஆளுமையை உணர்ந்துதான்.

இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்த முகமூடி நாடகத்தில் அர்லெக்கினோ என்ற வேலைக்காரக் கோமாளி உண்டு. அவன் கையில் ஒரு மட்டை இருக்கும். இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துச் செய்தது. தட்டினால் சத்தம் பெரிசு, வலி கொஞ்சம். 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற ஆங்கிலப் பெயரே இந்த மட்டையிலிருந்து வந்ததுதான். நம்ம ஊர்க் கதை நேர் தலைகீழ். வலி பெரிசு, சத்தம் வெளியே வராது. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும்கூட வராது.

அந்த நாடகத்து வேலைக்காரர்களுக்கு ஸானி என்று பொதுப்பெயர். மலைப்பக்கத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்த கூலிகளைக் கேலி செய்ய உண்டான பாத்திரம். அதை தாரியோ ஃபோ 1969இல் 'மிஸ்தேரோ பூஃபோ'வில் திருப்பிப்போட்டார். மேடையில் ஒரே ஆள். பசி தாங்காத ஸானி தன் உடம்பையே தின்கிற மாதிரிக் கற்பனை செய்கிறான். பிறகு இல்லாத சட்டியில் இல்லாத விருந்தைச் சமைக்கிறான். கடைசியில் ஒரு ஈயைப் பிடித்து, அதன் கால், இறக்கை எல்லாம் ருசித்துத் தின்கிறான். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். பசியைப் பற்றி அங்கே ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

நம்மிடமும் ஆள் இருக்கிறான். வட மாவட்டத் தெருக்கூத்தில் கட்டியக்காரன். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வருவார். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை, பாட்டு, தற்பெருமை. கட்டியக்காரனோ கொச்சைப் பேச்சில் 'நீ யாரு' என்று கேட்பான். ராஜா சொன்னதைத் தப்புத்தப்பாக வாங்கிக்கொள்வான். ராஜா நடந்த நடையைப் பின்னாலேயே நடந்து காட்டுவான். அந்த நொடியில் ஒன்று தெரிந்துபோகிறது: அதிகாரமும் பழகிக்கொண்ட ஒரு நடைதான். எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியதனக்காரரையும் அவன் வம்புக்கு இழுப்பான். சினிமாவால் இது முடியாது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரைக்குத் தெரியாது. மேடைக் கோமாளிக்குத் தெரியும். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பக்கம் உம்மென்று இருக்கிறது என்று பார்த்து அடுத்த அடியை எடுத்து வைக்கிறான்.

இதனால் எல்லாச் சிரிப்பும் கலகம் என்று சொல்லிவிட முடியாது. விடிந்தால் ராஜா ராஜாதான், சேரி சேரிதான். கட்டியக்காரன் பேச்சிலும் பெண்களைக் கேவலப்படுத்துவது, சாதியைக் குத்துவது நிறைய இருக்கிறது. கறுத்த தோல், திக்குவாய், ஊனம் இவற்றையே நகைச்சுவையாக விற்கிற தமிழ் சினிமாவைச் சொல்லவே வேண்டாம். அங்கே அந்த உடம்பே கேலிப்பொருள். மராட்டியத்தில் சத்தியசோதக இயக்கத்தவரும், பிறகு 1930களில் அம்பேத்கர் இயக்கக் கலைஞர்களும் தமாஷாவை எடுத்து ஜல்சாவாக்கியபோது இந்தச் சல்லடையைப் போட்டார்கள். ஆபாசத்தைத் தள்ளினார்கள். கேலியை வைத்துக்கொண்டார்கள், அது பாயும் திசையை மாற்றினார்கள்.

ஒரு தோழர் கேட்டார்: 'வெண்மணியைச் சிரிப்பாக்க முடியுமா?' சரியான கேள்வி. 1968 டிசம்பர் 25இல் எரிக்கப்பட்ட 44 பேரைக் கோமாளி தொடக்கூடாது. ஆனால் 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது சொன்ன காரணம் இருக்கிறதே! கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினமாம். இது கோமாளிக்கென்றே எழுதிவைத்த காட்சி. நடக்கவே தெரியாத மிராசுதாரைக் கொண்டுவாருங்கள். நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வரட்டும். இறக்கிவிட்டால் கால் பின்னி விழட்டும். தீக்குச்சி உரசத் தெரியாமல் முழிக்கட்டும். அந்த நேரத்தில் கூலிக்காரர் ஒருவர் அரைப்படி நெல் கூடக் கேட்கிறார். அவ்வளவுதான், மிராசுதார் எகிறிக் குதித்து ஓடி வருகிறார்! கூட்டம் சிரிக்கும். சிரித்த வாயோடு அந்தத் தீர்ப்பு என்னவென்று விளங்கிக்கொள்ளும். அந்தச் சிரிப்பு அடங்கும்போது 44 பெயர்களையும் வாசியுங்கள். அதற்கு நடிப்பு வேண்டாம்.

இதெல்லாம் பேச்சில் வராது, பயிற்சியில்தான் வரும். முழங்காலை மடக்கி, இடுப்புப் பக்கமாகச் சாய்ந்து, தலை தரையில் படாமல் உருளப் பழகவேண்டும். அறை வாங்கும்போது சத்தம் எழுப்பப் பழகவேண்டும். மதியம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்வோம். பண்ணையாராக நடிக்கிறவர் முதலில் எதிராளி சொல்வதைக் கேட்கட்டும்: 'நான் கண்ணைக் காட்டும் வரைக்கும் கையை ஓங்காதே.' நம்ம உடம்பின் மேல் இந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை நமக்கு எங்கேயும் இருந்ததில்லை. மேடையிலிருந்தாவது தொடங்கட்டும்.