நிலம் திரியும் கணக்கு

(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'திணையும் இன்றைய நிலமும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். தமிழ் கற்பிப்பவள் கணினியைப் பற்றிப் பேசுகிறாளே என்று எண்ண வேண்டா. நான் சொல்லப்போகும் கணக்கு முதன்முதலில் பயன்பட்டது ஒரு கவிதை நூலின் மேல்தான்.

உருசியக் கணித அறிஞர் ஆந்திரே மார்க்கோவ், தாம் முன்னரே வகுத்திருந்த கணக்கொன்றை 1913ஆம் ஆண்டில் புசுக்கினின் 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்தில் பொருத்திப் பார்த்தார். 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிரை அடுத்து மீண்டும் உயிர் வந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 13 முறை; மெய்யை அடுத்து உயிர் வந்தது 66 முறை. நன்னூலில் மெய்ம்மயக்கம் பயின்ற நமக்கு இது புதுமையன்று. எதனை அடுத்து எது வரலாம் என்று நம் இலக்கணம் வரையறுத்தது. எத்தனை முறை வருகிறது என்று அவர் எண்ணினார்.

எழுத்து இருந்த இடத்தில் நிலத்தை வைத்துப் பாருங்கள். 1972இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது முதல் நிலத்தின் படங்கள் ஆண்டுதோறும் சேர்ந்துவருகின்றன. படம் என்பது சிறுசிறு கட்டங்களின் தொகுதி. இரண்டு ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டு, வயலாயிருந்த கட்டங்களுள் எத்தனை வயலாகவே நின்றன, எத்தனை தரிசாயின, எத்தனை வீடாயின என்று கணினி எண்ணுகிறது. அந்த விகிதத்தைக் கொண்டே வருங்காலத்தையும் கணிக்கிறது.

இக்கணக்கு எவ்வளவு மாறும் என்று சொல்லுமேயன்றி எங்கே மாறும் என்று சொல்லாது. அதற்கு அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். சுற்றிலும் வீடு எழுந்த வயல் விரைவில் மனையாகும் என்பது நம் ஊர்த் தரகருக்கும் தெரிந்த விதியே. சாலை, சரிவு, ஏற்கெனவே உள்ள ஊர் ஆகியவற்றை இவ்வாறு விதியாக்கி, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் நகர்ப்பெருக்கத்தைக் கீத் கிளார்க்கும் உடனாய்வாளரும் 1997இல் கணினியில் வளர்த்துக் காட்டினர். இத்தகைய கணிப்புகளை எளிதில் நம்பிவிடவும் கூடாது. நூறு கட்டங்களுள் பத்தே மாறியிருந்தால், 'எதுவும் மாறாது' என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்புக்கும் தொண்ணூறு மதிப்பெண் கிடைத்துவிடும்!

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவது நீங்கள் அறிந்ததே. இளங்கோவடிகள் கணினி அறிந்தவர் என்று சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைப்பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் ஒரு நிலையன்று, ஒரு திரிபு என்னும் பார்வை அங்கே இருக்கிறது என்பதே என் கருத்து. அங்கே திரிபுக்குக் காரணமும் உண்டு: வெயில். மார்க்கோவின் அட்டவணையில் காரணத்திற்கு இடமில்லை, நினைவுக்கும் இடமில்லை. இன்றைய நிலையை மட்டுமே அது அறியும், நேற்றை அறியாது.

நிலமோ நேற்றை மறப்பதில்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது 1920களில். நாம் போற்றும் வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பட்டது. அதுவும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. 2015 டிசம்பர்ப் பெருமழையில் தண்ணீர் தன் பழைய இடங்களைத் தேடி வந்ததைச் சென்னை கண்டது.

மற்றொன்று, கணக்குக்கு முன்பே நிகழும் பெயரிடல். ஒவ்வொரு கட்டத்திற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும். பள்ளிக்கரணை போன்ற நிலத்தை மக்கள் கழுவெளி என்றனர்; பதிவேடு தரிசு என்றது. தரிசு என்றானபின் அங்கே குப்பை கொட்ட யார் தயங்குவார்? அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. பெயரைப் பிழைபட இட்டால் கணினி அப்பிழையையே வருங்காலமாக வரைந்து தரும்.

சென்ற பருவத்தில் என் மாணவியரிடம் அவரவர் ஊரின் நிலப்பெயர்களை எழுதிவரச் சொன்னேன். தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, பழனம், நத்தம், மந்தை என வந்தன. முதல் நான்கும் வரைபடத்தில் 'நீர்நிலை' என்னும் ஒரே நிறம். ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் தெரு ஏரிக்கரைத் தெரு. ஏரி எங்கே என்று பாட்டியைக் கேட்டேன். 'நீ உட்கார்ந்திருக்கும் இடந்தான்' என்றார்."

அந்தத் தாள்களை இவ்வட்டத்தின் நூலகத்திற்கென்று கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும்.