வீட்டு விலை இறங்குமா?



மந்தம் வந்தால் வீட்டு விலை இறங்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று மும்பையிலும் நொய்டாவிலும் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறுமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு ஆண்டே, மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைச் சுமார் 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகள், குறைந்த வருவாய்ப் பிரிவினரின் பற்றாக்குறை. காலி வீடுகள் அவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவை முதலீட்டுச் சரக்குகள்.

விற்பவர் விற்றே தீரவேண்டிய நெருக்கடி வந்தால்தான் விலை சரியும். அந்நெருக்கடியைத் தணிக்க அரசு முந்திக்கொள்கிறது. 2019 நவம்பரில், தடைப்பட்ட குடியிருப்புத் திட்டங்களுக்கென ரூ.25,000 கோடி நிதியம் அறிவிக்கப்பட்டது. 2020இல் மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகத் தற்காலிகமாகக் குறைத்தது. அதே ஆண்டு ஊரடங்கில், அடுக்குமாடிகளைக் கட்டிய புலம்பெயர் தொழிலாளர்கள் கால்நடையாக ஊர் திரும்பினர்.

விலை சரிந்தால் மட்டும் உழைப்பாளிக்கு வீடு கிடைத்துவிடுமா? அமெரிக்காவில் 2006க்குப் பின் விலை சரிந்தது. வங்கிகள் மீட்கப்பட்டன, தவணை கட்ட இயலாத இலட்சக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மலிந்த வீடுகளை நிதி நிறுவனங்கள் பல்லாயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டன. வேலை இழந்தவருக்கு மலிந்த வீடும் எட்டாக்கனியே.

ஆகவே, சந்தை சரியும் நாளுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. பொது நிலத்தில் அரசே கட்டும் வாடகைக் குடியிருப்புகள், காலி வீடுகள் மீது வரி, கட்டுமானத் தொழிலாளருக்கு வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காகப் போராடுவதே வழி.