கைபடும் இடங்கள்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. அவ்வீட்டிலே விடியற்புறத்தில் முற்றம் கூட்டப்பட்டுவிடும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே நிலம் கழுவித் துடைக்கப்பட்டுவிடும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே யாவரும் பருகுவர். துப்புரவிற் குறை காண அயலவராலும் இயலாது. எனினும் ஒருநாள் இரவு மூத்த பையன் வாந்தியெடுத்தான், வயிற்றோட்டமும் தொடர்ந்தது. ஒன்றரை நாள் கழியத் தங்கைக்கும், மறுநாள் அம்மம்மாவுக்கும் அதே துன்பம் நேர்ந்தது. நாவூறு என்றார் ஒருவர். மீன்குழம்பு பழுது என்றார் மற்றொருவர். தாயாரின் கவலையெல்லாம் தொட்டிலிற் கிடந்த எட்டுமாதக் குழந்தையைப் பற்றியதே. வளர்ந்தோர் தாங்கும் நீரிழப்பைக் கைக்குழந்தையின் உடல் தாங்காதன்றோ?

குழம்பு பழுதாயின் அதை உண்ட பலரும் ஏறக்குறைய ஒரே வேளையில் நோயுற்றிருப்பர். ஒருவர்பின் ஒருவராக, ஒரு நாள் இரு நாள் இடைவிட்டு நோய் செல்லுமாயின், அது ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுகின்றது என்று ஐயுற இடமுண்டு. நோரோ வைரசு என்னும் கிருமி இவ்வாறு பரவுவதிற் பேர்போனது. ஒருவரை நோயாளியாக்க அதன் துணிக்கைகள் மிகச் சிலவே போதும். கதவுப்பிடியிலும் மேசையிலும் அது நாட்கணக்கில் அழியாதிருக்கும்.

அப்பையன் அன்றிரவு எவற்றைத் தொட்டான்? மலகூடத்துத் தாழ்ப்பாள், விளக்கின் ஆளி, நீர்க்குழாயின் திருகு, தண்ணீர்க் குடத்தின் மூடி, செம்பின் விளிம்பு. மறுநாள் நிலம் இருமுறை கழுவப்பட்டது; இவற்றுள் ஒன்றையேனும் எவரும் துடைக்கவில்லை. நிலத்திற் படுவது கால். வாய்க்குச் செல்வது கை. தவழும் குழந்தைக்கு மாத்திரம் நிலமும் கைபடும் இடமே.

சமையலறையிலோ எல்லாவற்றினும் அழுக்கானது, மற்றவற்றைத் துப்புரவாக்குவதற்கென்று வைத்திருக்கும் துணியே. காலையில் மேசை துடைத்து, பின் சட்டி இறக்கி, கை துடைத்து, ஈரத்தோடு மூலையிற் கிடக்கும் அத்துணியிலே பற்றீரியாக்கள் பெருகுகின்றன. அதனால் துடைக்குந்தோறும் கிருமி பூசப்படுகின்றது. கோழி வெட்டிய பலகையை வெறுநீரில் அலசி, அதிலேயே பச்சடிக்குத் தக்காளி அரிவதும் அத்தகையதே. கோழியிலுள்ள சல்மனெல்லாக் கிருமி கறி கொதிக்கையில் மடியும், பச்சடியோ அடுப்பேறுவதில்லை.

2020 ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்றுக்கு அஞ்சிய மக்கள், கடையில் வாங்கிய பொதிகளுக்கும் மருந்து தெளித்துக் களைத்தனர். அந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றினாற் பரவுவது என்பதும், பொருள்களைத் தொடுவதால் வரும் அபாயம் சிறிது என்பதும் பின்னர்த் தெளிவாயின. அதுகண்டு, துடைப்பதே வீண்வேலை எனக் கருதுவாரும் உளர். வயிற்று நோய்களின் கதை வேறு.

1847 இல் வியன்னா நகரத்துப் பிரசவ மனையிலே, மருத்துவர் செம்மல்வைசு குளோரீன் கலந்த சுண்ணக் கரைசலிற் கைகழுவுமாறு மாணவரைப் பணித்தார். தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்று கடைகளிலே போத்தலில் விற்கப்படும் வெளிற்றும் திரவமும் குளோரீனின் ஆற்றலாலேயே கிருமியைக் கொல்கின்றது. ஆனால் அழுக்கின்மேல் அதை ஊற்றுவதாற் பயன் குறைவு. அதன் வலிமையை அழுக்கே உண்டுவிடும். முதலிற் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவல் வேண்டும். பின்னர், 5 வீத வலிமையுள்ள திரவத்தில் 20 மில்லிலீற்றர் எடுத்து, நீர் சேர்த்து ஒரு லீற்றராக்கி, அதில் நனைத்த துணியால் துடைத்து, 5 நிமிடமேனும் ஈரமாக விடல் வேண்டும். ஆளியைத் துடைக்கும் துணி நன்கு பிழிந்ததாயிருத்தல் அவசியம். கலவையை அன்றன்று புதிதாகக் கலப்பதே நன்று. மலகூடம் கழுவும் அமிலத்தோடு இதைச் சேர்த்தலாகாது, நச்சுவாயு எழும்.

அவ்வீட்டிலே மூன்றாம் நாள் தாழ்ப்பாளும் ஆளியும் குழாய்த் திருகும் துடைக்கப்பட்டன. துணிகள் கொதிநீரில் அவிக்கப்பட்டு முற்றத்துக் கொடியிற் காய்ந்தன. ஜீவனிக் கரைசல் பருகிப் பிள்ளைகள் தேறினர். நோய் நீங்கியும் இரண்டு நாள் அம்மம்மா தொட்டிலருகே விடப்படவில்லை. அவருக்கு அது பெருங்குறை. வாசலில் நின்றபடியே பேரனுக்குத் தாலாட்டுப் பாடினார்.